வெள்ளை நோன்பு

தெலாங்கு ஊரில் பொழுது விடிவது அரிசி ஆலையின் சத்தத்தில்தான். அந்தச் சத்தம் கிளம்புவதற்கு முன்பே சுப்ரிஹாதின் வீட்டு வாசலில் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிடுவாள். மாவில் தோய்த்த தெம்பே என்னும் சோயாக்கட்டி, வாழைப்பழம், முட்டைக்கோஸ் உருண்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்து வரும். வயலுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் சுடச்சுட வாங்கி, ஊசி மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். ஊருக்கு அவள் யூ பிரி, பிரி அக்கா; யூ பிரி கடைப் பலகாரம் என்றால் பக்கத்து ஊர்க்காரனும் சைக்கிளை நிறுத்துவான்.

அன்று காலை மாவுப் பாத்திரத்தை எடுக்க உள்ளே போனவள் திரும்பி வந்து பார்த்தாள். தட்டில் குவித்து வைத்திருந்த வாழைப்பழப் பலகாரம் பாதியாகக் குறைந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அவள் கணவர் வகிமின், இரண்டு கன்னமும் உப்பலாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாக்னே, வாயில என்ன?"

மகன் பிறந்த நாளிலிருந்து அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்; பிள்ளையின் அப்பா என்று பொருள். அவருக்கு இவள் மாக்னே. மகன் இப்போது பாத்தாம் தீவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான், கூப்பிடும் பெயர்கள் மட்டும் வீட்டில் தங்கிவிட்டன.

வகிமின் அவசரமாக விழுங்கினார். "ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

"விடிஞ்சதிலேர்ந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ், அவிச்ச மரவள்ளி, இப்ப இது. வந்தவங்களுக்கு நான் என்ன, சட்டியக் கழுவியா குடுக்கிறது?"

"நான் இன்னும் சாப்பிடவே இல்ல மாக்னே," என்றார் அவர், மனம் நொந்து.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் சோறு உள்ளே இறங்காதவரை ஒருவன் சாப்பிட்டவன் ஆகமாட்டான். மற்றதெல்லாம் பல்லுக்கு வேலை, அவ்வளவுதான். சுகாதார நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதும் வகிமின் சத்தியமாக "ரெண்டு வேளை" என்றுதான் சொன்னார். நர்ஸும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகிறது. கொடுத்த மாத்திரைகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. கால் எரிந்தால் எடுத்துப் போடுவார், எரிச்சல் நின்றால் மறந்துவிடுவார். மாத்திரை தின்றால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று ஆலையில் யாரோ ஒரு மேதாவி சொன்னதும் காதில் இருந்தது. "சாப்பாட்டைக் குறைங்க" என்று நர்ஸ் சொன்னதை மட்டும் சுப்ரிஹாதின் பிடித்துக்கொண்டாள். தினமும் அதை அவருக்கு ஓதினாள்.

ஓதி என்ன பயன்? தின்பது யானைத் தீனியாக இருந்தது. உடம்போ ஈர்க்குச்சியாகிக்கொண்டே வந்தது. ஒரு காலத்தில் அரிசி ஆலையில் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி நடந்தவர். இப்போது சாரத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் இழுத்து முடிந்துகொண்டு நின்றார். "தின்கிறது வகிமின், சதை போடுறது எந்தப் பேயோ" என்று ஆலையில் பேசிச் சிரித்தார்கள். சுப்ரிஹாதினுக்கு அந்தச் சிரிப்பு நெருப்பாகச் சுட்டது. சுட்ட கோபத்தை அவள் அவர்மேலேயே கொட்டினாள்.

ஊர்த்தலைவர் வீட்டில் இறந்துபோன தாயாருக்கு ஆயிரமாவது நாள் ஓதல் விருந்தான ஸ்லாமத்தான் நடந்தது. ஆண்கள் பாயில் உட்கார்ந்து துஆ ஓதி முடித்து, ஆளுக்கொரு விருந்துப் பெட்டியோடு வீடு திரும்பினார்கள். இறந்தவருக்காக ஓதிய சோறு அது. பெட்டி எந்த வீட்டுக்கென்று கொடுக்கிறார்களோ அந்த வீட்டுக்குத்தான் அதன் பரக்கத்து என்னும் அருள். வர முடியாதவர்களின் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவி கார்த்தோவின் பெட்டியை வகிமின் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை கிழவியின் மருமகள் சாரிந்தென் பலகாரக் கடைக்கு வந்தாள். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள்.

"யூ பிரி, தெம்பே ரெண்டு குடு. ஒண்ணு கேக்கட்டுமா, கோவிச்சுக்காத. எங்க மாமியாளுக்குக் குடுத்து விட்ட பெட்டி வழியில எங்கயாவது கால் முளைச்சு நடந்துபோயிடுச்சா?"

"ஏன், பாக்னே கொண்டு வந்து குடுக்கலியா?"

"குடுத்தாரு, ஆலைக்குப் பின்னால உமிக்குவியலுக்கு. காலிப் பெட்டி அங்கதான் கெடந்துச்சு. முட்டை ஓட்ட மட்டும் மிச்சம் வெச்சிருந்தாரு, மகராசன். கிழவி நேத்து பொழுதுக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

நின்றிருந்தவர்களில் ஒருவர் இருமினார், ஒருவர் மிளகாயைத் தேடினார். சிரிப்பை அடக்குகிறவர்களுக்கு அந்த நேரத்தில் எத்தனையோ வேலைகள் வந்துவிடும். சுப்ரிஹாதினுக்குக் கரண்டி கையிலிருந்து நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

அவள் அன்று கடையைப் பாதியிலேயே கட்டினாள். வகிமின் ஆலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு இருக்கிறது வயிறா, பாழுங்கிணறா? படுக்கையில கெடக்கிற கிழவியோட சோறு பாக்னே. பூனைக்குக்கூட விரட்டினா ரோசம் வரும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.  "பெட்டி கையில சூடா இருந்துச்சு. ஒரு வாய் எடுத்துட்டு மூடிடலாம்னுதான் நினைச்சேன். நிறுத்த முடியல மாக்னே. உள்ளேர்ந்து யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு. முடிச்ச பிறகும் பசிச்சுது."

"யாரோ இல்ல, உங்க நாக்குதான். நாக்கை அடக்கத் தெரியாத மனுசன்கூட இருபத்தெட்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சொல்கிறோம். பறந்துபோன மானத்துக்காக அந்த மனிதன் உள்ளுக்குள் எவ்வளவு அழுதிருப்பான் என்று யாரும் கேட்பதில்லை. வகிமின் அன்று மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. போனால் கார்த்தோ கிழவியின் மகன் பக்கத்தில் நிற்க வேண்டிவரும். வீட்டிலேயே தொழுதுவிட்டு வந்து மனைவியின் முன்னால் நின்றார்.

"நாளையிலேர்ந்து நான் வெள்ளை நோன்பு இருக்கப் போறேன். நாப்பது நாள். மனசார உறுதி எடுத்து நிய்யத்து வெச்சுட்டேன். இந்த நாக்கை அடக்கிக் காட்டுறேன்."

எங்கள் ஊர்களில் மனத்தை வசப்படுத்த நினைப்பவர்கள் எடுப்பது அந்த நோன்பு. உப்பு கிடையாது, காரம் கிடையாது, இனிப்பு, எண்ணெய், கறி, காய் எதுவும் கிடையாது. வெள்ளைச் சோறும் தண்ணீரும் மட்டும்தான். பெரிய பெரிய மனிதர்கள் இருந்து பேர் வாங்கிய நோன்பு. வகிமின் சொன்ன மாத்திரத்தில் சுப்ரிஹாதினின் கோபம் பாதி வடிந்துபோனது. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்களே, இதைவிட எப்படிக் குறைப்பது என்று அவள் நினைத்தாள்.

"மாத்திரை?" என்று மட்டும் கேட்டாள்.

"சோறும் தண்ணியும் தவிர வேற எதுவும் தொண்டையில எறங்கக் கூடாது. மாத்திரையும்தான்."

அவளும் சரி என்றாள்.

செய்தி ஊரில் பரவியது. நேற்றுவரை பேய் என்று சிரித்தவர்கள் இன்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊர்த்தலைவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பாருங்கடா, மனசுல உறுதின்னா அது" என்று காட்டினார். சாரிந்தென்கூட இறங்கி வந்து, வகிமினைக் 'காங்' என்று அண்ணன் முறை வைத்துப் பேசினாள். "காங் வகிமின் ரோசக்காரருதான் யூ. நான்தான் வாய் தவறிப் பேசிட்டேன்" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர்தான் பழம் தின்ன முடியாதே என்பது கொடுத்தவளுக்கும் தெரியும், வாங்கியவளுக்கும் தெரியும்.

சுப்ரிஹாதினுக்குத் தலை நிமிர்ந்தது. ஆலையில் புதிதாகத் தீட்டிய முதல்தர அரிசியை வாங்கிவந்தாள். கல் பொறுக்கி, மூன்று தண்ணீரில் களைந்து, ஆவியில் வேகவைத்து, மல்லிகைப்பூ மாதிரி தட்டில் குவித்து அவர்முன் வைத்தாள். அவர் ஒன்றும் தொட்டுக்கொள்ளாமல் அந்த வெறும் சோற்றை மென்று விழுங்குவதைப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. அத்தனை நாள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சிதான் அது. காலையில் அவள் பலகாரம் பொரிக்கும்போது வகிமின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். எண்ணெயில் வாழைப்பழம் வேகும் வாசம் தெருமுனை வரைக்கும் போய் ஆட்களை இழுத்து வந்தது. ஒரு கை தூரத்தில் இருந்த அந்த மனிதர் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.  தோள்துண்டை எடுத்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பசிக்குதா பாக்னே?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடேன். சோறு போடலாம்தானே."

போடலாம்தான். சில ஊர்களில் மூன்று கவளம்தான் என்று கணக்கு வைப்பார்கள். இவர் எடுத்த நோன்பில் சோற்றுக்கு அளவோ நேரமோ சொல்லவில்லை. அவள் போட்டாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டாள். பெரிய பானையில் உலை வைக்க ஆரம்பித்தாள். தண்ணீரையும் குடம் குடமாகக் குடித்தார். இரவெல்லாம் கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தார். நோன்பு கடுமையாகப் பிடிக்கிறது, அதனால்தான் இத்தனை சோதனை என்று அவர் நம்பினார். அவளும் நம்பினாள். ஊரே நம்பியது. நாக்கை வென்ற மனிதரிடம் பசி மட்டும் ஏன் நாளுக்கு நாள் வளர்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், ஆலையில் நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மூட்டைமேல் சாய்ந்தார். தூங்குகிறார் என்று முதலில் விட்டுவிட்டார்கள். எழுப்பினால் கண்ணைத் திறந்து வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார், பேச்சு குழறியது. தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். விரலில் குத்திய ரத்தத்தைச் சர்க்கரைக் கருவியில் வைத்தால் அது எண்ணே காட்டவில்லை. என்னால் அளக்க முடியாத உயரம் என்று மட்டும் காட்டியது. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றிக் கிளாத்தென் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் அவர் உயிர் ஊசலாடியது. மூன்றாவது நாள்தான் கண் தெளிந்து, "மாக்னே" என்று சரியான ஆளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

டாக்டர் ரெத்னானிங்சி சுப்ரிஹாதினைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாற்பது வயது இருக்கும், சோலோ பட்டணத்துப் பெண், பேச்சில் அவசரம் இல்லை; அம்மா என்பதற்கு எங்கள் பக்கத்து மரியாதைச் சொல்லான 'பூ' என்றே அழைத்தார்.

"பூ, வீட்ல என்ன சாப்பிட்டாரு?"

"எதுவுமே சாப்பிடல டாக்டர்," என்றாள் சுப்ரிஹாதின். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நான் பலகாரம் பொரிக்கிற சட்டி பக்கத்துலயே உக்காந்தும் ஒண்ணு தொடல, சர்க்கரை போட்ட டீ இல்ல, ஒரு துண்டு பழம்கூட இல்ல. வெள்ளை நோன்பு இருந்தாரு. வெறும் சோறும் தண்ணியும்தான்."

"எவ்வளவு சோறு?"

அவள் கையால் காட்டினாள். காட்டிய கை, டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் மெல்ல இறங்கியது.

"மாத்திரை?"

"நோன்பு முறிஞ்சிடும்னு..."

டாக்டர் திட்டவில்லை. "எங்க தாத்தாவும் வெள்ளை நோன்பு இருந்தவருதான் பூ. நோன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா சோறு வயித்துக்குள்ள போனதும் சர்க்கரையாத்தான் மாறும். மாத்திரையையும் நிறுத்திட்டு நாள் முழுக்க வெள்ளைச் சோறு மட்டும் சாப்பிட்டா, எரியற தீயில எண்ணெய ஊத்தின மாதிரிதான். கூட காயாவது கறியாவது இருந்திருந்தா வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்."

 மூன்று தண்ணீரில் களைந்த முதல்தர அரிசி சுப்ரிஹாதினின் கண்முன் வந்தது. ஆசையாகச் சமைத்து அவள் கையாலேயே ஊட்டியது எதை என்று இப்போது புரிந்தது.

"அதுக்கு முன்னாலயும் அப்படித்தான் டாக்டர். எவ்வளவு தின்னாலும் அடங்காது. அடுத்தவங்க சோத்தைக்கூட..." அவள் நிறுத்தினாள். "அவருக்கு நாக்கு பெருசு."

"நாக்கு மேல பழி போடாதீங்க. உங்க ஊர் ஆலைக் கிடங்கு நிறைய அரிசி இருக்கு, சாவியக் காணோம்னு வெச்சுக்குங்க. வாசல்ல நிக்கிறவங்க பட்டினிதானே? அவர் உடம்பும் அப்படித்தான். ரத்தத்துல சர்க்கரை வெள்ளமா ஓடுது. அதை உள்ள விடற சாவி இன்சுலின். அது போதாததால உடம்புக்கு ஒண்ணும் போய்ச் சேரல. அதான் தின்னும் இளைச்சாரு."

"சரி, பசி ஏன் டாக்டர்?"

"சாப்பிட்டா போதும்னு மூளைக்குச் சொல்ல நம்ம உடம்புலயே ஆள் இருக்கு. கொழுப்புலேர்ந்து ஒரு சுரப்பு போய்ச் சொல்லும், இன்சுலினும் போய்ச் சொல்லும். இவருக்குக் கொழுப்பு கரைஞ்சுபோச்சு, இன்சுலினும் போதல. போதும்னு சொல்ற குரல் ரெண்டும் அடங்கிப்போச்சு. பசிக்குது பசிக்குதுன்னு இரைப்பையிலேர்ந்து கத்துற சுரப்பு மட்டும் விடாம கத்திக்கிட்டு இருக்கு. மூளைக்கு என்ன தெரியும், பஞ்சம் வந்துடுச்சு, கெடைச்சதைத் தின்னுன்னு உத்தரவு போடுது. அந்த உத்தரவை வெறும் மனசால தடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல பூ. பலகாரச் சட்டி பக்கத்துல உக்காந்து தொடாம இருந்தாருன்னு சொன்னீங்களே, என்னால முடிஞ்சிருக்காது."

அந்தச் சுரப்புகளுக்கு டாக்டர் ஏதோ பெயர்கள் சொன்னார். அவை சுப்ரிஹாதினுக்கு நினைவில் நிற்கவில்லை. "உள்ளேர்ந்து யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி" என்று அவர் சொன்னதும், "யாரோ இல்ல, உங்க நாக்கு" என்று தான் சொன்னதும்தான் நின்றன. அவர் அன்று மறைக்காமல் உண்மையைச் சொல்லியிருந்தார். அதை நம்பாதவள் அவள்தான். தாழ்வாரத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் முக்காட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடிக்கவும் நேரம் கிடைக்கவில்லை, வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். வகிமின் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டாராம். தட்டில் வைத்த கீரையையும் மீனையும் தள்ளிவிட்டாராம். மயக்கத்தில் இருந்தபோது ஊசியும் மருந்தும் ஏற்றியது வேறு. நினைவு வந்தபிறகு தெரிந்தே நோன்பை முறிக்கமாட்டார். இன்னொரு நாள் இப்படியே போனால் மறுபடியும் பழைய நிலைமைக்குப் போய்விடுவார், இந்தத் தடவை மீட்பது கஷ்டம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

சுப்ரிஹாதின் கட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

"ஊருக்கு என்ன மூஞ்சியோட போவேன் மாக்னே," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "பெட்டிச் சோத்தத் திருடித் தின்னவன், நோன்பையும் பாதியில விட்டான்னு சொல்லுவாங்க. எனக்குப் பேராசை. அதை அடக்க முடியாம செத்தாலும் பரவால்ல."

"உங்களுக்குப் பேராசை இல்ல பாக்னே. உங்களுக்குச் சீக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்றதக் கேளுங்க. இத்தன நாள் நான் பேசினேன், நீங்க கேட்டுக்கிட்டீங்க. அதெல்லாம் தப்பு. உங்க உடம்பு பட்டினி கெடந்திருக்கு. என் கண்ணு முன்னாலயே, என் கையால தின்னுக்கிட்டே பட்டினி கெடந்திருக்கு. டாக்டரு கிடங்கு, சாவின்னு வெளக்கினாங்க. ஊசியிலதான் அந்தச் சாவி இருக்காம். நீங்க நாக்குகூடச் சண்டை போடல, நோய்கூடத்தான் போட்டிருக்கீங்க. அதுவும் வெறுங்கையோட. யாரு இவ்வளவு நாள் தாங்குவா?"

"நிய்யத்து வெச்சேனே."

"எதுக்கு வெச்சீங்க? வயித்த அடக்கத்தானே? இந்த ஊசிதான் அடக்குமாம். நிய்யத்த மாத்த வேணாம், ஆயுதத்த மாத்துங்க. நோயாளிக்கு ரமலான் நோன்பையே அல்லாஹ் தள்ளி வெச்சிருக்கான். இது நாமளா எடுத்துக்கிட்டது. ஒடம்பு அவன் நம்மகிட்ட நம்பிக் குடுத்த அமானிதம், அத ரோசத்துக்காகப் பாழடிக்க நமக்கு உரிமை கெடையாது." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாழுங்கிணறுன்னு சொன்னேனே, அதுக்கு என்னை மன்னிச்சிருங்க."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை.  வகிமின் சட்டையை விலக்கி, நர்ஸைப் பார்த்து, "எங்க குத்தணும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் பட்ட பாட்டை எழுதி முடியாது. பசி முதல் நாளே அடங்கிவிடவில்லை. முதலில் கீரை, பிறகு மீனோ தெம்பேயோ, கடைசியில் அளந்த கிண்ணத்தில் சோறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிண்ணம் காலியானதும் அவர் கண் தானாகப் பானைப் பக்கம் போகும். அதைத் திருப்பிக்கொண்டு கொல்லையில் போய் விறகு பிளப்பார். தானே ஊசி போடக் கற்றுக்கொண்டார். மூட்டை தூக்கிக் காய்ப்பு ஏறிய அந்தத் தடித்த விரல்கள், அத்தனை மெல்லிய ஊசியை அத்தனை பதமாகப் பிடிப்பதை சுப்ரிஹாதின் தினமும் நின்று பார்த்தாள். ஆலையில் ஒருநாள் வியர்த்து நடுங்கியபோது, சர்க்கரை இறங்குகிறது என்று தானே கண்டுபிடித்து, பையில் வைத்திருந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்து அதைச் சாதாரணமாகச் சொன்னார். அவளுக்குத்தான் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. இப்படிப்பட்ட மனிதரையா உறுதியில்லாதவர் என்று நினைத்தோம் என்று எண்ணி எண்ணி மருகினாள்.

இதற்கிடையில் அவர் கார்த்தோ கிழவியின் வீட்டுக்கும் போனார். தனியாகத்தான் போனார். என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் அடுத்த நேரத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

ஒன்றிரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை எடுத்துவிட்டார். கிண்ணத்தில் இரண்டு கவளம் சோறு மிச்சம் இருந்தது.

"என்ன பாக்னே, உடம்பு சரியில்லையா?"

"இல்ல." அவரே ஆச்சரியமாகக் கிண்ணத்தைப் பார்த்தார். "போதும்னு இருக்கு."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.  பிள்ளைகளை மிரட்டுவதுபோல் மிரட்டினாள். "சோத்த மிச்சம் வெச்சா வீட்டுக் கோழி செத்துப்போகும், தெரியுமில்ல?"

"நம்மகிட்ட ஏது கோழி?" என்றார் வகிமின்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மறுவாரம் காலைக் கூட்டத்தில் சாரிந்தென் வந்து நின்றாள். காகிதம் மடித்துக்கொண்டிருந்த வகிமினைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு அரித்தது.

"என்ன காங், நாப்பது நாளுன்னு சொல்லிட்டு நடுவுல எந்திரிச்சிட்டீங்களாமே? இப்ப தினம் ஊசியாம். அவ்வளவு பெரிய உறுதியெல்லாம் எங்க போச்சு?"

முன்பென்றால் அவர் எழுந்து உள்ளே போயிருப்பார். இப்போது பொட்டலத்தை மடித்து முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"அது நாப்பது நாள் நோன்புதான் சாரிந்தென். இது சாகிற வரைக்கும். அதுக்குப் பாராட்டு கெடைச்சுது, உசுரு போகப் பாத்துது. இதுக்கு யாரும் பாராட்டல, ஆனா உசுரோட இருக்கேன். எனக்கு இதுவே போதும்."

நின்றிருந்தவர்கள் யாரும் இந்தத் தடவை இருமவில்லை. சுப்ரிஹாதின் கரண்டியை வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"நானும் இவரத் திட்டினவதான். ஊர விட அதிகமாத் திட்டினவ. ஒருத்தர் தின்னுக்கிட்டே இளைச்சா, தின்னதும் பசிச்சா, அது கொழுப்பும் இல்ல, பேயும் இல்ல. சர்க்கரை கட்டுக்கடங்காமப் போனா உடம்பு அப்படித்தான் கத்தும். நாம சிரிச்சா அவங்க ஒளிஞ்சு தின்பாங்க, நாம திட்டினா மருந்த விட்டுட்டு நோன்பு இருப்பாங்க. எங்க வீட்ல ரெண்டும் நடந்துச்சு. இன்னொரு வீட்ல நடக்க வேணாம்."

கூட்டம் கலைந்தது. சாரிந்தென் மட்டும் வாங்கிய தெம்பேயைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் போனபிறகு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யூ பிரி, எங்க வீட்டுக்காரரும் கொஞ்ச நாளா சாப்பிட்ட கை காயறதுக்குள்ள மறுபடி பானையத் தெறக்கிறாரு. சாரம் வேற இடுப்புல நிக்கமாட்டேங்குது. நானும் தினம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இனிமே திட்டாத," என்றாள் சுப்ரிஹாதின். "பசிக்குதுன்னு சொல்றவர நம்பு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா."

"அவருக்கு ஊசின்னா பயம் யூ."

"நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன்," என்றார் வகிமின்.